காளைக்கு ஆய்வகம், ஆளுக்கு லாட்ஜ்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் கிளம்பும் முன்பே இன்னொரு வளைவு உண்டு: கட்டணக் கழிப்பறைச் சுவரில் ஒரு போஸ்டர். நரம்புத் தளர்ச்சியா? சொப்பன ஸ்கலிதமா? கைப்பழக்கமா? அபூர்வ மலை மூலிகை. மாதம் இரண்டு நாள் வைத்தியரை லாட்ஜில் சந்திக்கலாம். ரகசியம் காக்கப்படும்.

ரகசியம் காப்பதை ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிச் சொல்கிறார்கள்.

லாட்ஜ் அறையில் நடக்கும் பாடம் இது: ஒரு துளி விந்து, நூறு துளி ரத்தம். சிலர் அறுபது என்பார்கள். சிலர் நாற்பதுக்கே இறங்கி வருவார்கள். ஆளுக்கு ஆள் விலை மாறும் விஞ்ஞானம் இது ஒன்றுதான்.

கணக்குப் போடுவோம். ஆண் பன்றி ஒரு தடவைக்கு 200 மில்லி விந்துகூட வெளியேற்றும். நூறால் பெருக்குங்கள். 20 லிட்டர். கொழுத்த பன்றியின் உடம்பிலேயே அவ்வளவு ரத்தம் கிடையாது. வைத்தியர் சொல்வது நிஜமென்றால் பன்றி இனம் முதலிரவோடு முடிந்திருக்கும்.

அப்படி மனித விந்தில் என்னதான் இருக்கிறது? பெரும்பகுதி தண்ணீர். உயிரணுக்கள் நூற்றில் ஐந்து பங்கைத் தாண்டாது. மிச்சமெல்லாம் விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் ஊற்றியது. எலுமிச்சையில் புளிக்கும் சிட்ரிக் அமிலம், துத்தநாகம், கொஞ்சம் புரதம். பிறகு ஃபிரக்டோஸ்: ஏற்காட்டுக் கொய்யாவில் இனிக்கும் அதே சர்க்கரை. நீந்தும் உயிரணுவுக்கு அதுதான் பெட்ரோல். 1946-ல் இதைக் கண்டு சொன்னவர் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி தடேயுஸ் மான். காளை, ஆட்டுக்கிடா, மனிதன் மூவருக்கும் இது பொதுச் சொத்து.

விந்தின் உயிர்வேதியியலுக்கென்றே மான் ஒரு புத்தகம் போட்டார். ஆண்டு 1954. அதே 1954-ல்தான் இந்தியாவில் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் வந்தது. ஆண்மை பெருக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்தால் ஆறு மாதம் வரை சிறை. மறுபடி மாட்டினால் ஓராண்டு வரை. எழுபது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. புத்தகத்தை வைத்தியர் படிக்கவில்லை. சட்டத்தை அதிகாரி படிக்கவில்லை. போஸ்டரை மட்டும் நாம் எல்லோரும் படிக்கிறோம்.

அரசுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாதா? மாட்டு விஷயத்தில் கரைத்துக் குடித்திருக்கிறது. ஊட்டியில் உறைவிந்து நிலையமே நடத்துகிறது. ஒரு பிளாஸ்டிக் குச்சியில் கால் மில்லி விந்து. அதற்குள் 2 கோடி உயிரணு. உருக்கிப் பார்த்தால் பாதியாவது நீந்த வேண்டும், நீந்தாவிட்டால் குப்பை. குச்சியின் மேல் காளையின் எண், இனம், தேதி. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் பத்திரமாகப் பயணம். ஏற்காட்டுச் சேர்வராயன் மலைப் பசுவுக்குச் சினை ஊசி போட வருபவர் வெதுவெதுப்பான நீரில் குச்சியை அரை நிமிடம் போட்டெடுத்து, வேலையை முடித்துவிட்டுப் போகிறார். நூறு துளி ரத்தக் கதை சொன்னால் மாட்டுக்காரர் சிரிப்பார்.

அந்த மாட்டுக்காரர் மகன்தான் கூலிக் காசோடு லாட்ஜ் மாடி ஏறுகிறான். ஏன் ஏற மாட்டான்? பள்ளியில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது, "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்றார் வாத்தியார். அவர் தாண்டிப் போன பக்கத்தில்தான் வைத்தியர் கடை விரித்திருக்கிறார். பகலெல்லாம் பண்பாடு பேசும் டிவி, நள்ளிரவில் அவருக்கு நாற்காலி போடுகிறது. தாது நஷ்டம் என்று நடுங்கும் இந்த அவதிக்கு 1960-லேயே 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார் மனநல மருத்துவர் என்.என். விக். பயம்தான் நோய். அந்தப் பயத்தைத்தான் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள்.

தம்பி, சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போ. வெட்கப்பட ஒன்றுமில்லை. லாட்ஜுக்குத்தான் போவேன் என்றால், காசு கொடுக்கும் முன் அந்த லேகிய டப்பாவைத் திருப்பிப் பார். எண் இருக்காது. தேதி இருக்காது. உள்ளே என்ன என்பதும் இருக்காது.

உன் வீட்டுப் பசுவுக்குப் போட்ட குச்சியில் எல்லாம் இருந்தது.