சென்சிட்டிவ் சித்தி

சித்தி வருகிறாள் என்று தெரிந்தால் எங்கள் வீட்டில் முதலில் குளியலறைச் சோப்பை எடுத்து ஒளித்து வைப்போம். கண்ணில் பட்டால் தொலைந்தோம். "இதையா உடம்புக்குப் போடறீங்க? இது துணி துவைக்க நல்லா இருக்குமே" என்று ஆரம்பித்துவிடுவாள். அவளுக்கென்று கைப்பையில் தனி டப்பா, அதற்குள் வெள்ளையாக ஒரு கட்டி. அதைச் சோப்பு என்று சொன்னால் மகா கோபம் வரும். "சின்டெட் பார் இது. சோப்போட பி.எச். 9, 10ன்னு இருக்கும். நம்ம தோலு 5 பக்கத்துல. ஒத்துக்குமா?"

உங்கள் வீட்டில் இவள் பெரியம்மாவாகவோ நாத்தனாராகவோ மாடி போர்ஷன் மாமியாகவோ இருக்கலாம். உறவுமுறைதான் வேறு. "எனக்கு சென்சிட்டிவ் ஸ்கின்" என்று சொல்லும்போது குரலில் தெரிகிற லேசான பெருமிதம் எல்லாருக்கும் ஒன்றுதான். கல்யாண வீட்டு வரவேற்பில் சந்தனக் கிண்ணத்தை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். பன்னீர்ச் செம்பைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மருந்துக்கடைக்குத்தான் கூடப் போகக் கூடாது. போவதென்றால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

"தம்பி, சென்சிட்டிவ் ஸ்கின்னுக்கு மாய்ஸ்சரைசர் காட்டுப்பா."

பையன் ஒன்றை எடுத்து வைப்பான். சித்தி அதன் முன்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். முன்பக்கம் கம்பெனிக்காரன் பேசுவது, பின்பக்கம்தான் சரக்கு பேசும் என்பது அவள் கொள்கை. மூக்குக் கண்ணாடி ஏறும். அந்தப் பொடி எழுத்துக்கு அது போதாது, போன் கேமராவில் பெரிதாக்குவாள். பிறகு சகஸ்ரநாமம் படிக்கிற மாதிரி ஒரு பெயர் விடாமல் வாய்விட்டுப் படிப்பாள்.

"அக்வா... கிளிசரின்... நல்லது... செட்டைல் ஆல்கஹால்..."

பையன் பதறுவான். "ஆல்கஹாலா? வேற எடுக்கட்டுமாம்மா?"

"இது கொழுப்பு ஆல்கஹால்ப்பா, தோலுக்கு இதமா இருக்கும். எரியற ஆல்கஹால் வேற." பையனுக்குப் பாடம் முடியும், படிப்பு தொடரும். கடைசி வரிக்கு முன்னால் "பர்ஃப்யூம்" என்று ஒரு சொல் வரும். புட்டி மேஜைக்குத் திரும்பிப் போகும்.

அடுத்தது வரும். "இது ஹைப்போஅலர்ஜெனிக்ம்மா, அலர்ஜியே வராது."

இந்தப் பையனைப் பார்த்து நான் உண்மையாகவே பரிதாபப்பட்டிருக்கிறேன். அமெரிக்காவில் அந்தச் சொல்லைப் போட வேண்டுமானால் சோதனை செய்து நிரூபிக்க வேண்டும் என்று 1975இல் அரசு விதி கொண்டுவந்ததையும், அழகுசாதனக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய் 1977இல் அந்த விதியையே செல்லாது என்று ஆக்கிவிட்டதையும் மாலை ஏழு மணிக் கூட்டத்தில் அவன் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. "அதனால அந்த வார்த்தையை அங்க யாரு வேணா போட்டுக்கலாம். புரிஞ்சுதா?" அவன் தலையாட்டுவான். பின்னால் பிரஷர் மாத்திரைக்கு நிற்கும் பெரியவருக்கு அந்த மாத்திரையின் அவசியம் நிமிஷத்துக்கு நிமிஷம் கூடிக்கொண்டிருக்கும்.

"அப்ப இதைப் பாருங்கம்மா, ஹெர்பல். முழுக்க இயற்கை."

"அரளிக்காய்கூட இயற்கைதான். அரைச்சுத் தடவிக்கவா?" எலுமிச்சை எண்ணெய், லாவெண்டர் எண்ணெய் என்று இருப்பதையெல்லாம் விரலால் தொட்டுக் காட்டுவாள். "இதுல இருக்கற லிமோனீனும் லினலூலும் காத்து பட்டுப் பட்டு மாறினதும் பலபேருக்கு அரிக்கும்ப்பா." வாசனையே தெரியாத இன்னொன்றை அவன் நீட்டினால், மூல வாடையை அமுக்க அதற்குள்ளும் ஒரு வாசனையைப் போட்டிருப்பார்கள் என்று அதையும் தள்ளிவிடுவாள்.

மேஜை நிறைந்த பிறகு, மூலையில் தூசு படிந்து கிடக்கும் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி டப்பாவைக் கேட்பாள். அதுதான் கடையில் இருப்பதிலேயே மலிவு. வாங்கிக்கொண்டு, "சில்லறை இருக்காப்பா?" என்பாள்.

வாங்கியதை உடனே பூசிக்கொள்வாள் என்று நினைக்காதீர்கள். முழங்கை உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு, காலையும் மாலையும், 7 முதல் 10 நாள் வரை போட்டுப் பார்க்க வேண்டும். அத்தனை நாளும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முழங்கை தரிசனம் உண்டு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்திக்கு நெற்றியில், பொட்டு வைக்கிற இடத்தில், வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. வெண்புள்ளியோ என்னவோ, கல்யாணம் ஆகாத பெண்ணாயிற்றே என்று வீடே இடிந்து போயிருந்தபோது, சித்திதான் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பசைடி. முதல்ல இதைத் தூக்கிப் போடு." தோல் டாக்டரும் அதையேதான் சொன்னார். வெறும் நெற்றியோடு பெண் நடமாடுவதா என்று முணுமுணுத்த பாட்டியை ஒரே அதட்டலில் உட்கார வைத்ததும் சித்திதான். அன்றைக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது.

அதனால்தான் இதைச் சொல்ல வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அதே கைப்பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரு குட்டி ட்யூப் இருக்கிறது. முகம் சிவந்தாலும் அரித்தாலும் அதுதான். "டாக்டர் க்ரீம்டி, மருந்துக்கடையில கொடுத்தான், ராத்திரி போட்டா காலையில போயிடும்." உலகத்தில் உள்ள லேபிளையெல்லாம் படிக்கிற இந்த மகராசி அதன் பின்பக்கத்தை மட்டும் ஒருநாளும் திருப்பியதில்லை. ஒருநாள் நான் திருப்பினேன். குளோபெட்டசால். வீரியத்தில் முதல் வரிசையில் இருக்கும் ஸ்டீராய்டு. கூடவே ஒரு ஆன்டிபயாடிக், ஒரு படர்தாமரை மருந்து.

முகத்தில் மாசக்கணக்கில் பூசினால் இது தோலை மெலிய வைக்கும். நரம்பு நரம்பாகச் சிவப்பு தெரியும், பரு வரும், சிலருக்கு முடிகூட முளைக்கும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாக எரியும், வெயில் பட்டாலே சிவக்கும். உடனே "பாத்தியா, எனக்கு எவ்வளவு சென்சிட்டிவ் ஸ்கின்னு" என்று மறுபடி அதையே எடுப்பாள். சோப்பில் ஒரு துளி வாசனையைப் பொறுக்காத தோலுக்கு இத்தனையும் நடக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களை விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு உத்தரவே போட்டிருக்கிறது. பர்ஃப்யூமுக்காக அரைமணி நேரம் வாதாடிய அதே மேஜையில்தான் அந்த ட்யூப் ஒரு கேள்விகூட இல்லாமல் கை மாறுகிறது.

சித்தி இதைப் படித்தால் என்னோடு பேசமாட்டாள். பரவாயில்லை. அவளாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், ட்யூபைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் வரட்டும், எப்படி விடுவது என்று அவர் சொல்வார். வண்டி நான் எடுக்கிறேன். நீங்களும் உங்கள் சித்தியின் கைப்பையை ஒருதடவை திறந்து பாருங்கள், பக்கவாட்டு ஜிப்பை முக்கியமாக.