மூன்றாம் விக்கெட்டில் எழுந்து போனவர்: ஓர் ஆய்வு

தோற்கிற நிலையிலிருந்து மீண்டு கோப்பை வாங்கிய அணிகளைப் பற்றி எழுதிய எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்திருக்கிறார்கள்: ஆடியவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதே ஆட்டத்தை வீட்டுக் கூடத்தில் இடது காலை மடித்து உட்கார்ந்து, வேர்த்த சட்டையை மாற்றாமல், பக்கத்தில் இருப்பவனைப் பேசவிடாமல் ஜெயிக்கவைத்த ரசிகனைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு ஒன்றுகூட வரவில்லை. இது இதுவரை எவரும் தொடாத களம். (எவரும் தொடாத களம் என்று முதல் பத்தியில் சொல்லாத கட்டுரையைக் கருத்தரங்க மலரில் சேர்ப்பதில்லை. சொல்லிவிட்டேன். பதிவுக் கட்டணமும் கட்டியாகிவிட்டது.)

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 2018-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பிரீமியர் லீகின் இறுதி ஆட்டம். முதன்மைச் சான்று ஸ்கோர் அட்டை. ஆகஸ்ட் 12, ஞாயிறு இரவு, சேப்பாக்கம். திண்டுக்கல் டிராகன்ஸ் 117 ரன்னுக்கு ஆல் அவுட். துரத்த இறங்கிய சீகெம் மதுரை பாந்தர்ஸ் 3 ரன்னுக்கு 3 விக்கெட். அதன்பிறகு விக்கெட்டே விழவில்லை. அருண் கார்த்திக் 75, ஷிஜித் சந்திரன் 38, இருவரும் கடைசிவரை அவுட் ஆகாமல் 17.1 ஓவரில் 119-க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஏழு விக்கெட் வித்தியாசத்தில் மதுரைக்குக் கோப்பை. அதற்கு முந்தைய இரண்டு பருவத்திலும் பட்டியலின் அடியில் கிடந்த அணி அது. மூலபாடம் இவ்வளவுதான், மற்றதெல்லாம் உரை. மூலம் கையளவும் உரை மலையளவும் இருப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. இறையனார் களவியலே அறுபது நூற்பாதான்.

காலம் பற்றி. கலைஞர் மறைந்த வாரம் என்கிறார்கள் வீட்டு ஆண்கள். ஆடி அமாவாசைக்கு மறுநாள் என்கிறார்கள் பெண்கள். இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில்தான் வந்து நிற்கின்றன. தொல்காப்பியத்தின் காலத்தைக் குறிப்பதில் ஒருவருக்கொருவர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தள்ளி நிற்கும் அறிஞர்கள், எங்கள் அத்தைமாரிடம் ஒரு வாரம் பயிற்சிக்கு வரலாம். சாப்பாடு உண்டு, பயணப்படி கிடையாது.

இடம் பற்றி. மதுரை அணி அந்தப் பருவத்தில் மதுரையில் ஒரு பந்துகூட வீசவில்லை. ஆட்டங்கள் நடந்தது சென்னையில், திருநெல்வேலியில், நத்தத்தில். நத்தம் திண்டுக்கல் மாவட்டம், அதாவது எதிராளி வீட்டு முற்றம். ஆகவே டிவியைத் தவிர வேறு மைதானம் அறியாதவனே மதுரை ரசிகன். கூடத்தில் யார் எங்கே உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்பது அவனுக்குப் பிட்ச் அறிக்கைக்குச் சமம்.

இனி ரசிகர் வகை. ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர்: ஊரில் எல்லோரும்.

இடையில் தூங்கிவிட்டவர்: ஒருவரும் இல்லை.

சேனல் மாற்றியவர்: இவர்கள் உண்டு, ஒத்துக்கொள்வதுதான் இல்லை. 3-க்கு 3 என்றதும் மனம் வெறுத்து வேறு பக்கம் போனவர்களுக்கு அன்று நல்ல தண்டனை காத்திருந்தது. அதே நாளில்தான் லார்ட்ஸ் டெஸ்டில் இந்தியா இரண்டாவது இன்னிங்ஸில் 130-க்குச் சுருண்டு, இன்னிங்ஸ் மற்றும் 159 ரன் வித்தியாசத்தில் தோற்றது. நம்மூர் முரளி விஜய் இரண்டு இன்னிங்ஸிலும் முட்டை. இரண்டு இன்னிங்ஸிலும் இந்தியத் தரப்பில் அதிக ரன் எடுத்தவர் அஸ்வின், 29-ம் 33-ம். அவரோ டிஎன்பிஎல் கணக்கில் திண்டுக்கல்காரர். மதுரையின் தோல்வியைப் பார்க்கச் சகிக்காமல் ஓடிப்போய்த் திண்டுக்கல்காரர் ஒருவரின் வீரத்தில் ஆறுதல் தேடியவர்களை எந்த வகையில் சேர்ப்பது என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டேன். தன் பெயரை முதலில் போடச் சொன்னார்.

எத்தனை பேரைச் சந்தித்தேன் என்று எழுதினால் சதவீதம் கேட்பார்கள். சதவீதம் எழுதினால் வட்ட வரைபடம் கேட்பார்கள். எனவே ‘பலர்’.

நான்காவது வகைக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதப்படுகிறது. எழுந்து போனவர். இவர் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் சின்ன மாமா. மூன்றாவது விக்கெட் விழுந்ததும், “இனி இதப் பாத்து என்னத்துக்கு ஆகப்போகுது” என்று கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு எந்திரிச்சுப் போனார். அவர் வாசல்படியைத் தாண்டிய பிறகு மதுரைக்கு விக்கெட் விழவில்லை. போனதால் விழவில்லையா, விழாததால்தான் போனது கவனத்துக்கு வந்ததா என்று தருக்க நூலார் கேட்பார்கள். தருக்க நூலார் கிரிக்கெட் பார்ப்பதில்லை.

எங்கே போனார் என்பதில்தான் பாடவேறுபாடு. பரோட்டா வாங்கப் போனார் என்பது கூடத்துப் பாடம் (சோபாவின் மேற்கு முனை). வெற்றிலை போடப் போனார் என்பது அடுப்படிப் பாடம்; இதற்கு ஆதாரம் அத்தையின் உரை: “பரோட்டாவா? அந்தாளு பையில பத்துப் பைசா கெடயாது” (இரண்டாம் கொதி, பால் பொங்குவதற்குச் சற்று முன்). மொட்டை மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டார் என்று ஒரு மாடிப் பாடமும் உண்டு. ஆனால் அதைச் சொன்னவன் அப்போது ஒன்றாம் வகுப்பு, இப்போது கேட்டால் தானே சதம் அடித்ததாகச் சொல்கிறான். இடைச்செருகல் என்று தள்ளலாம். மாமாவிடமே கேட்டுவிட வேண்டியதுதானே என்பார்கள். ஆசிரியர் உயிரோடிருந்தால் அவர் சொல்வதை ஆய்வில் ஏற்கும் வழக்கம் இல்லை. தவிர, மாமா ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒன்று சொல்கிறார்.

மிஞ்சிய இரண்டு பாடங்களையும் ஒத்துப்போக வைக்க நச்சினார்க்கினியர் முறையைக் கையாண்டேன். அவரும் மதுரை ஆசிரியர்தான். பாட்டில் எங்கோ கிடக்கும் சொல்லைத் தூக்கி வந்து வேறெங்கோ மாட்டிப் பொருள் கொள்வதில் அவருக்கு இணை கிடையாது. அதன்படி அடுப்படியிலிருந்து வெற்றிலையையும் கூடத்திலிருந்து பரோட்டாவையும் மாட்டிப் பார்த்தால், மாமா வெற்றிலைக் கடைக்குப் போய், அங்கே கடன் வாங்கி, பரோட்டாக் கடைக்குப் போயிருக்கிறார். தெளிவாகிவிட்டது.

ஆனால் இங்கேதான் கோட்பாட்டுக்கு ஆபத்து வருகிறது. அந்தப் பரோட்டாக் கடையில் டிவி உண்டு. டிவி ஓடும் இடத்துக்குப் போனால் அது எழுந்து போனதாகாது, இடம் மாறிப் பார்த்ததாகும். மதுரை ஜெயித்ததற்குக் காரணமே இல்லாமல் போய்விடும். எதிர்த்தரப்பினர் (எதிர்வீட்டு அண்ணன், அவருடைய மச்சான்) இதைப் பிடித்துக்கொண்டு நெடுநாள் வாதிட்டார்கள். அவர்களுக்கு மறுமொழியாக நான் முன்வைப்பது முதுகுக் கோட்பாடு. கடையின் டிவி கல்லாவுக்கு மேலே இருக்கிறது. பரோட்டாக் கல் வாசலோரம். பார்சலுக்கு நிற்பவன் கல்லைப் பார்த்து நின்றால், டிவிக்கு முதுகுதான் தெரியும். மாமா கல்லைத்தான் பார்த்து நின்றார் என்பதற்கு அகச்சான்று வலுவாக உள்ளது. அன்று கொத்துப் பரோட்டாவில் எத்தனை முட்டை விழுந்தது, மாஸ்டர் எந்தக் கையால் கொத்தினார், கொத்துகிற தாளம் எந்த இடத்தில் நின்றது, சால்னாப் பொட்டலத்தின் வாயைச் சுருட்டி எத்தனை சுற்று நூல் போட்டார் என்றெல்லாம் மாமா இன்றைக்கும் பிசகில்லாமல் சொல்கிறார். அருண் கார்த்திக் எவ்வளவு என்று கேட்டால், “அவன் ஆடுனானா?” என்கிறார். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? (பரோட்டாக் கடைக் கணக்கு நோட்டு, கடன் பக்கம், சால்னா சிந்திய வரிக்கு மேல், மேலும் ஒப்புநோக்க, அதே நோட்டு, அதே கடன், அடுத்த ஆண்டு, பென்சில் எழுத்து மங்கிய இடங்களை மாஸ்டர் வாய்மொழியாக நிரப்பினார், நிரப்பும்போது மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதால் கொஞ்சம் எண்ணெய் கழித்துக் கொள்க.)

கோட்பாட்டை மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். மதிப்பீட்டிலும் மதுரைக்கு நெடிய மரபு உண்டு. களவியலுக்கு நாற்பத்தொன்பது புலவர் உரை சொன்னபோது, எது மெய்யுரை என்று தீர்மானித்தது உப்பூரி குடிகிழார் மகன் உருத்திரசன்மன், பேசாத பிள்ளை. சரியான உரையைக் கேட்டபோது கண்ணீர் வார்த்து, மெய்மயிர் சிலிர்த்தானாம். இப்போதைய முறையில் கண்ணீர் விடுவது கட்டுரையாளர்தான். மதிப்பீட்டாளர் ஒரு வரியில் ‘மேற்கோள் போதாது’ என்று அனுப்பிவிடுகிறார். பழைய முறையே மேல் என்று எங்கள் வீட்டுச் சின்னக்குட்டியை நடுவில் உட்காரவைத்து மூன்று பாடத்தையும் சொன்னேன். வெற்றிலைக்குச் சிரித்தாள். மாடிக்குத் திரும்பிக்கொண்டாள். பரோட்டாவுக்கு ஓவென்று அழுதாள். அழுத நேரத்தில் அவள் கையிலிருந்த பிஸ்கட்டை அண்ணன் பிடுங்கியதாக ஒரு கருத்து உண்டு. அந்தக் காலத்துச் சபையிலும் யாராவது எதையாவது பிடுங்கியிருக்க மாட்டார்களா?

ஒப்பியல் இல்லாத கட்டுரைக்கு மதிப்பெண் குறைவு. 1881-இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி நம் ஊரில் இருப்பதால் அமெரிக்கக் கல்லூரிகளோடு ஒப்பிடும் தகுதி எனக்குத் தானாகவே வந்துவிடுகிறது. அங்கே கல்லூரிக் கூடைப்பந்துக் கோப்பை என்றால் ஊரே கடையடைப்பு. 2022 ஏப்ரல் 4, நியூ ஆர்லியன்ஸ். வட கரோலினாவிடம் 16 புள்ளி பின்தங்கிக் கிடந்த கன்சாஸ் 72–69 என்று ஜெயித்தது. அந்தப் போட்டியின் இறுதி ஆட்ட வரலாற்றில் இதைவிடப் பெரிய மீட்சி கிடையாது. 1891-இல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே பின்னாளில் கன்சாஸுக்குப் பயிற்சியாளராக இருந்தார். அந்தக் கல்லூரியின் பயிற்சியாளர்களில் வென்றதைவிடத் தோற்றது அதிகம் என்ற கணக்கு வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். விதி எழுதியவருக்கே வராத வெற்றி, 40–25 என்று பாதி ஆட்டத்தில் மூச்சுத் திணறியவர்களுக்கு வந்தது எப்படி? இடைவேளையில் கன்சாஸ் மாநிலத்து வீடு ஒன்றில் ஒரு தாய்மாமன் எழுந்து போயிருக்கிறார். மேலைநாட்டு ஆய்வாளர் எவரும் அவரைத் தேடவில்லை. அங்கே அந்த உறவுக்குத் தனிப்பெயர்கூட இல்லாத அலட்சியம்.

இன்னொரு ஒப்பீடு உள்ளூர் அளவில். இதே அருண் கார்த்திக் 2011-இல் பெங்களூரில், சாம்பியன்ஸ் லீகில், தென் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் ஆறு ரன் தேவைப்பட்டபோது சிக்ஸர் அடித்து அணியை ஜெயிக்கவைத்தவர். அதனால் 2018-இல் அவர் ஜெயிக்கவைத்ததற்குக் காரணம் அவருடைய திறமைதான் என்று ஒரு சாரார் வாதிடக்கூடும். வாதம் எளிமையாக இருக்கிறது. எளிமையாக இருப்பதாலேயே கருத்தரங்கில் எடுபடாது.

கோட்பாட்டுக்குப் பிந்தைய வரலாற்றையும் மறைக்காமல் சொல்வது நேர்மை. அடுத்தடுத்த பருவங்களில் மதுரை திணறியபோதெல்லாம் மாமாவை வெளியே அனுப்பினோம். கோப்பை திரும்ப வரவில்லை. சேப்பாக்கம் வாங்கியது, கோவை வாங்கியது, 2024-இல் திண்டுக்கல்லே வாங்கியது, 2025-இல் திருப்பூர். இதைக் காட்டிக் கோட்பாடு தவறு என்று எதிர்வீட்டு அண்ணன் சொல்கிறார். கோட்பாடு தவறாவது என்ற பேச்சே ஆய்வுலகில் கிடையாது. விதிவிலக்கு கூடும், அவ்வளவுதான். முதல் முறை மாமா தானாகப் போனார், பிறகெல்லாம் நாம் அனுப்பிப் போனார் என்பது முதல் விதிவிலக்கு. இரண்டாவது, இப்போது அவர் கையில் போன் இருக்கிறது. முதுகு காட்டி நின்றாலும் ஸ்கோர் பையில் இருக்கிறது. மூன்றாவது, பரோட்டாக் கடை இடம் மாறி, கல்லும் கல்லாவும் ஒரே பக்கம் வந்துவிட்டன. நான்காவதை முனைவர் பட்டத்துக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். திண்டுக்கல்லில் 2024-இல் யார் எழுந்து போனது என்று கண்டுபிடித்தால் அதுவே தனி இயலாகும்; பிரியாணி இருக்கும் ஊரில் எழுந்து போவதற்குக் காரணம் தேடுவது கடினமல்ல.

சென்ற பருவத்தில் மாமா முதல் பந்துக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். விக்கெட் விழாமல் போகக்கூடாது என்று அத்தை பிடித்து உட்காரவைத்தார். விழுந்ததும், “கெளம்புங்க மாமா” என்றேன். “எரநூறு குடு, போறேன்” என்றார். முன்பு எரநூறா கேட்டீர்கள் என்றால், “அப்ப நான் ரசிகன்யா, இப்ப நீ ஆராய்ச்சி பண்றேல்ல?” என்கிறார். இந்த இருநூறைக் களப்பணிச் செலவில் எழுதுவதா, தரவாளர் மதிப்பூதியத்தில் எழுதுவதா என்று கேட்டு நிதிநல்கைக் குழுவுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். மூன்று பிரதி வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது.