பட்டி பார்த்த நம்பிக்கை

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் உருவான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே எலும்பு. கதவுக்கு அடியில் ஓடும் 'சில்' என்னும் இரும்புப் பெட்டிதான் காரை நடுவில் தொய்யாமல் தாங்குகிறது. துருவோ பெரும்பாலும் அதன் உள்ளிருந்தே அரிக்கும். ஆனால் "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது" என்று விளம்பரம் செய்ய, பட்டி பார்த்துப் பளபளவென்று பெயிண்ட் அடித்தால் போதும். உள்ளே இரும்பும் இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

பட்டறைக்காரர் எல்லாருமே ஏய்ப்பவர்களா என்று கேட்கலாம். இல்லை. அறுத்துப் பார்க்காமல் உள்ளிருப்பது நேர்மையானவருக்கும் தெரியாது. அதனால்தான் அவர் அறுக்கிறார், ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்துக் கொடுக்கிறார். மற்றவர் "என்னை நம்புங்க சார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். கனமாகப் பூசிய பட்டியில் காந்தம் ஒட்டாது. எனவே கார் பார்க்கப் போகும்போது நம்பிக்கையை வீட்டில் வைத்துவிட்டு, காந்தத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.