தட்டில் ஓர் அடிவானம்

கேள்வி: அடிவானத்திலிருந்து சூரியனின் உயரத்தைப் பாகையில் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியைக் கடலே இல்லாத ஊரில் பிடித்துப் பழக முடியுமா? அடிவானத்துக்கு எங்கே போவது?

பதில்: எங்கும் போகாதீர்கள், தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள்! அகலமான தட்டில் கறுத்த இன்ஜின் ஆயிலை ஊற்றிக் காற்றுப் படாமல் வையுங்கள். எண்ணெயின் மேற்பரப்பு தானே மட்டமாகிவிடும். கருவியின் இரண்டு பக்கக் கறுப்புக் கண்ணாடிகளையும் மறக்காமல் போட்டுக்கொண்டு, வானத்துச் சூரியனை இறக்கி எண்ணெயில் தெரியும் சூரியன்மீது பொருத்துங்கள். கிடைப்பது சூரியனின் உயரத்தைப் போல இரு மடங்கு. கருவிப் பிழையைக் கழித்துப் பாதியாக்குங்கள், கைப்பிழையும் பாதியாகும்! ஒளிவிலகலுக்கான திருத்தம் உண்டு. கடலில் கண்மட்டத்துக்காகச் செய்யும் திருத்தம் இங்கே இல்லை. செக்ஸ்டன்ட் ஏறத்தாழ 120 பாகைதான் அளக்கும். ஆகவே 60 பாகைக்கு மேலே ஏறிய சூரியன் பிடிபடாது. காலையும் மாலையுமே தோது.

இதை விளையாட்டு என்று எண்ணாதீர்கள். 1911 டிசம்பரில் துருவப் பயணி அமுண்ட்செனின் குழு தென்துருவத்தை உறுதிசெய்தது செக்ஸ்டன்ட்டும் இதுபோன்ற செயற்கை அடிவானமும் கொண்டுதான்.

சூரியனின் உயரத்தை வைத்து நீங்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிடும்போது, உயரம் பாகையில் அறுபதில் ஒரு பங்கு பிசகினால் தரையில் 1.85 கி.மீ. தள்ளிப்போவீர்கள். நடுக்கடலில் அந்தப் பிசகு கரை தட்டும்போதுதான் தெரியும். உங்கள் மொட்டைமாடி எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கு முன்பே தெரியுமே! கணக்கு முடிந்ததும் மதிப்பெண் கைக்கு வந்துவிடும். பழக இதைவிட நல்ல இடம் ஏது?