இன்னொருக்கா ஓடி வாங்ணா

அருள்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறவன் அவுட் ஆனதும் மைதானத்தை விட்டுப் போய்விட முடியாது. ஸ்டம்ப் எகிறி விழுந்திருக்கும். பந்து போட்டவன் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அந்த நேரம் பார்த்து, பவுண்டரி கோட்டருகே போனும் கையுமாகக் குப்புறப் படுத்திருந்த நம்ம ஸ்லோமோ தம்பி புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்து வருவான். "அண்ணா, இன்னொருக்கா ஓடி வாங்ணா, பட்டன் லேட்டா விழுந்திருச்சு." அவுட் ஆனவனையும் விடமாட்டான். "நீங்களும் நில்லுங்ணா. அதே மாதிரி ஏமாந்து நிக்கோணும்."

ஏமாந்து நிற்பதைத் திரும்ப நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குப் புரிவதில்லை. ஒருநாள் எங்கள் அயர்ன் மாஸ்டர் ஒரு நல்ல யார்க்கரில் எதிரணித் தூணைச் சாய்த்தார். தம்பி கேட்டான் என்று மறுபடி ஓடி வந்து போட்டார். அவுட் ஆனவன் இந்தத் தடவை ஏமாறவில்லை. பந்து தென்னந்தோப்புக்குள் போய் விழுந்தது. அம்பயர் கணக்கில் அது விக்கெட். தம்பியின் போனில் அது சிக்ஸர் மட்டும்தான், விக்கெட் இல்லவே இல்லை. திங்கட்கிழமை காலை பனியன் கம்பெனியில் கட்டிங் முதல் பேக்கிங் வரை எல்லார் போனிலும் அந்தப் பந்து மெதுவாகப் பறந்துகொண்டே இருந்தது. மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியை வைத்த வேகத்தில் அன்றைக்கு எத்தனை பீஸ் பொசுங்கியதோ.

கபடியில் இன்னும் மோசம். ரைடரை அமுக்கிப் பிடித்து ஏழு பேர் மேலே விழுந்தபிறகு, "அதே வரிசையில மறுக்கா விழுங்ணா, பச்சை பனியன் மொதல்ல" என்கிறான். கீழே கிடப்பவனின் முட்டியை யாரும் கேட்பதில்லை.

சாமான்களைப் பார்த்தால் கோபம் கொஞ்சம் குறையும். தீபாவளி போனஸில் வாங்கிய பழைய போன். நூல் சுற்றி வந்த காலிக் கோனில் அதைச் செருகி, ஜட்டி எலாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டியிருப்பான்; ஸ்டாண்டு அதுதான். லென்ஸ் துடைக்கப் பனியன் வேஸ்ட். ஓடுகிறவன் கூடவே படம் பிடிக்க, துணி ரோல் தள்ளும் டிராலியில் உட்கார்ந்துகொண்டு சின்னப் பசங்களைத் தள்ளச் சொல்வான். ஸ்லோமோஷனுக்கு 1904-இல் காப்புரிமை வாங்கியவர் அகஸ்ட் முஸ்கர் என்ற ஆஸ்திரியப் பாதிரியார். கட்டணம் கட்ட வழியில்லாமல் அந்த உரிமை அவர் கையை விட்டே போயிற்று. கையில் காசில்லாத இந்தப் பைத்தியம் அவர் காலத்திலிருந்தே தொடர்கிறது.

கணக்கெல்லாம் தம்பிக்குத் தலைகீழ்ப் பாடம். நொடிக்கு 240 படம் எடுத்து 30 ஆக ஓட்டினால் எட்டு மடங்கு மெதுவாகத் தெரியும். 40 நிமிடக் கபடியை அப்படி முழுசாக எடுத்தால் பார்த்து முடிக்க ஐந்து மணி இருபது நிமிடம். எங்களை உட்கார வைத்துக் காட்டவும் அவன் தயார். ராத்திரி மேட்சில் மட்டும் அவன் பாச்சா பலிக்காது. நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ். சாதா லைட் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு 240-இல் தெரிந்துவிடும். ரைடர் பாடிக்கொண்டு வரும்போது மைதானமே கண்ணடிக்கும்.

வெளிச்சத்துக்கு அவன் கண்டுபிடித்த வழிதான் எங்கள் தலையில் விடிந்தது. ஒவ்வொரு படத்துக்கும் நொடியில் 240-இல் ஒரு பங்குகூட வெளிச்சம் கிடைப்பதில்லையாம், அதனால் உச்சி வெயில்தான் வேண்டுமாம். கமிட்டிக்காரர்களைப் பிடித்து, சாயங்காலம் நாலு மணி மேட்சைப் பன்னிரண்டுக்கு மாற்றிவிட்டான். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் நின்றுவிட்டு, சனிக்கிழமை ராத்திரி சம்பளம் வாங்கி, ஞாயிறு ஒருநாள் ஆட வருகிறவர்கள் இவர்கள். ஷிப்மெண்ட் நெருங்கினால் அந்த ஞாயிறும் கிடையாது. இவர்களை வெயிலில் நிறுத்தி வைத்து மறுக்கா மறுக்கா ஓடச் சொல்ல இவனுக்கு யார் உரிமை கொடுத்தது?

இதையெல்லாம் அவனிடம் சொல்லிவிடலாம் என்று போனவர்கள் திரும்பி வந்து, "அந்த ஒடிசா பையன் வீடியோவைப் பார்த்தீங்களா?" என்கிறார்கள். செக்கிங்கில் வேலை செய்கிற பையன். எல்லைக் கோட்டில் பாய்ந்து ஒற்றைக் கையில் பிடித்த கேட்ச். தம்பி ஒரே தடவையில் ஒழுங்காக எடுத்தது அநேகமாக அது ஒன்றுதான். காற்றில் கிடக்கிறான் பையன், விரல் ஒவ்வொன்றாகப் பந்தின்மேல் மடிகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்க முடியாது.

பையன் அதை ஊருக்கு அனுப்பியிருக்கிறான். அம்மா உடனே போன் செய்து, ஏன் இப்படி மெதுவாக விழுகிறாய், உடம்புக்கு என்ன, சாப்பாடு சரியில்லையா என்று அழுதுவிட்டாராம். அம்மாவுக்காக ஒன்றே ஒன்று சாதா வேகத்தில் எடுத்துத் தரச்சொல்லித் தம்பியிடம் கேட்டிருக்கிறான் பையன்.

"சாதா வீடியோவா?" என்று முகத்தைச் சுளித்தானாம் தம்பி. "அதுக்கு எதுக்குடா நானு?"