பெருக்கமரம் பார்க்கப் போகிறீர்களா? கேள்வி–பதில்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் காடே இல்லை. பழைய பெருமரம் பார்க்க வேண்டுமென்றால் சிங்கராஜா மழைக்காட்டுக்குத்தானே போக வேண்டும்? (கொக்குவில் வாசகர்)

பதில்: சிங்கராஜாவுக்கும் போங்கள். அதற்கு முன் குறிகட்டுவானில் படகேறுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு. அங்கே நிற்கும் பெருக்கமரத்தின் பொந்துக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம். சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லிய மண் போர்த்த நமது வறண்ட நிலத்தில் மழைக்காடு வளராது. ஆனால் இங்கேயும் காக்கப்படும் இடங்கள் உண்டு. சுண்டிக்குளம் 1938 முதல் சரணாலயம், 2015 முதல் தேசிய பூங்கா; அதன் பெருமை பறவைகளும் கண்டலும். அதே 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதியும் தேசிய பூங்காவாயிற்று. அங்கே குதிரைகள் மேய்கின்ற வெட்டவெளியும் காடு காக்கப்படுவது போலவே காக்கப்பட வேண்டியது.

கேள்வி: மரத்துக்கு 500 வயது என்கிறார் ஒருவர், 1000 என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது? (மானிப்பாய் மாணவி)

பதில்: "எப்படித் தெரியும்?" என்று இருவரையும் கேளுங்கள். பெருக்கமரத்தின் ஆண்டு வளையங்கள் தெளிவில்லாதவை. நடுவிலோ பெரும்பாலும் பொந்து. நீர் கிடைத்த இடத்தில் விரைவாகப் பருக்கும், கிடைக்காத இடத்தில் மெலிந்தே நிற்கும். ஆகவே பருமனை வைத்து வயது சொல்ல முடியாது. 1749இல் செனகலுக்குப் போன பிரெஞ்சு இயற்கையியலாளர் மிசேல் அடன்சன் சில மரங்களுக்கு 5000 ஆண்டுக்கு மேல் கணக்கிட்டார். அடன்சோனியா என்ற அறிவியற் பெயர் அவரால் வந்ததுதான். கணக்கு மட்டும் நிலைக்கவில்லை. கதிரியக்கக் கரிமச் சோதனையில் இதுவரை மூத்ததாகத் தெரியவந்த சிம்பாப்வே மரத்துக்கே ஏறத்தாழ 2450 ஆண்டுகள். அந்தச் சோதனை இல்லாமல் சொல்லும் எண் மரத்தின் வயதல்ல, சொல்பவரின் ஆசை.

கேள்வி: குதிரைகளைப் போல மரத்தையும் வெள்ளைக்காரர்தான் கொண்டுவந்தார்களா? (வேலணை வாசகர்)

பதில்: இது ஆபிரிக்க மரம். போர்த்துக்கேயருக்கு முன்பே அரேபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பதே வழிவழியாகச் சொல்லப்படுவது. இந்தியாவிலுள்ள பெருக்கமரங்களின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அவை ஒரே தடவையில் வந்தவையல்ல, ஆபிரிக்காவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து பல தடவைகள் வந்தவை என்று 2015இல் எழுதினார்கள். இலங்கையில் இவற்றைக் கூடுதலாகக் காணக்கூடிய இடம் மன்னார். அங்குள்ள பள்ளிமுனை மரத்தின் உயரம் எட்டு மீற்றரளவுதான். சுற்றளவோ 19 மீற்றருக்கும் மேல். அண்ணாந்து பார்க்கும் மரமல்ல, சுற்றிவந்து பார்க்கும் மரம்.

கேள்வி: போன வைகாசியில் பார்த்தேன். ஓர் இலை கூட இல்லை. பட்டுவிட்டதா? (சுன்னாகம் வாசகர்)

பதில்: இல்லை. கோடையில் இலையை உதிர்த்துவிட்டு, தண்டில் சேர்த்த நீரில் உயிர்வாழ்கிறது. மாரியில் போய்ப் பாருங்கள், விரல் விரித்த கைபோல இலைகள் நிற்கும்.

கேள்வி: பொந்துக்குள் நின்று படம் எடுத்தோம். என் தம்பி பெயரையும் பொறித்தான். பிழையா? (பருத்தித்துறை வாசகி)

பதில்: படம் எடுத்தது சரி, பொறித்தது பிழை. உரித்த பட்டையை மீண்டும் வளர்க்கும் ஆற்றல் இந்த மரத்துக்கு உண்டு. அதற்காகக் கத்தி வைக்க உரிமை கிடைத்துவிடாது. தண்டில் பெரும்பகுதி நீர். மென்மையான அந்த மரத்தில் விழும் காயம் பூஞ்சணத்துக்கு வாசல். தம்பிக்குப் பெயர் நிலைக்க வேண்டுமென்றால் கடைசிப் பதிலை வாசிக்கக் கொடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளோடு ஒரே நாளில் போய்வரலாமா? (நல்லூர்த் தாய்)

பதில்: தாராளமாக. காலைப் படகைப் பிடியுங்கள். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகும் நிற்கும்; கேட்டு ஏறுங்கள். நெடுந்தீவில் இறங்கியவுடன் முதல் வேலை, திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை விசாரிப்பது. சோளகம் வீசும் மாதங்களில் கடல் குமுறும். சிறுவர் இருந்தால் அமைதியான நாளைத் தெரிவு செய்யுங்கள். தண்ணீர், தொப்பி, சாப்பாடு கட்டாயம். முச்சக்கரவண்டி பிடித்தால் பெருக்கமரம், கோட்டை இடிபாடு, புறாக்கூடு, பவளக்கல் அடுக்கிய மதில்கள் எல்லாம் ஒரு சுற்றில் முடியும். குதிரைகளுக்குத் தீன் கொடுக்க வேண்டாம், துரத்தவும் வேண்டாம். கொண்டுபோன பிளாஸ்டிக் போத்தல் உங்களோடு படகேறட்டும்.

கேள்வி: வெளிநாட்டில் இருந்து வருகிறோம், பார்க்கிறோம், போகிறோம். அந்த மரத்துக்கு ஏதாவது செய்ய முடியாதா? (இலண்டன் வாசகர்)

பதில்: முடியும். ஆபிரிக்காவின் மிக மூத்த 13 பெருக்கமரங்களில் ஒன்பது, 2005க்குப் பிறகு முழுதாகவோ பகுதியாகவோ சாய்ந்துவிட்டன என்று 2018இல் ஓர் ஆய்வு அறிவித்தது. காலநிலை மாற்றமே காரணமாகலாம் என ஆய்வாளர்கள் ஐயுற்றார்கள். பாட்டன் மரம் எவ்வளவு பெரிதானாலும் பேரன் இல்லாவிட்டால் அந்த வம்சம் முடிந்தது. ஆகவே மரத்தைச் சுற்றி மேடை கட்டப் பணம் அனுப்பாதீர்கள், கன்று வளர்க்க அனுப்புங்கள். விதையின் ஓடு கடினமானது. சுடுநீரில் ஊறவிட்டால் முளைக்கும். இளங்கன்றின் இலை தனியிலை. விரல் விரியாததால் களையென்று பிடுங்கிவிடுவார்கள்; அடையாளப் பலகை வையுங்கள். ஆடு மாடு எட்டாமல் பனைமட்டை வேலி போடுங்கள். பூக்க இருபது ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம், பொறுத்திருங்கள். இரவில் விரியும் அந்தப் பூவுக்கு வௌவால்தான் தூது. தன் மகரந்தத்தாலேயே அது காய்ப்பது அரிது. வேறொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். தனிமரம் தோப்பாகாது என்று நம் முன்னோர் சொன்னது பெருக்கமரத்துக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். ஆகவே ஒன்று நடாதீர்கள், இரண்டு நடுங்கள்.