ஒழுக்கு மகாராசரின் அருளாட்சி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே, படுவான்கரைக்கு வாசலாய் விளங்கும் வவுணதீவிலே, சமையலறைச் சுவருக்கும் இரண்டு கதவுப் பிரிட்ஜுக்கும் நடுவே உள்ள குறுகிய இருட்டில் எழுந்தருளியிருக்கும் ஒழுக்கு மகாராசரைப் பாடாமல் இருக்க எந்தப் புலவனால் முடியும்? வெளிநாட்டு உழைப்பில் வந்து இறங்கிய அந்தப் பிரிட்ஜுக்கு, ஐஸ் கட்டி தானாகவே விழும் வரம் உண்டு. அதற்கென்று கால் அங்குல வெள்ளைக் குழாய் ஒன்று பின்பக்கத்தில் ஏறுகிறது. அகண்ட மாளிகைகள் ஆயிரம் இருக்க, அந்த மெல்லிய குழாயின் மூட்டிலே கொலுவிருக்கத் திருவுளம் கொண்ட எளிமையை என்னென்பது!

அவருக்கு முடிசூட்டிய கீர்த்தி பைப் பாஸ் ஒருவரையே சாரும். அந்தச் சிற்பியின் கைவண்ணத்தை அருகிருந்து கண்ட கண்கள் பாக்கியம் செய்தவை. குழாயை நேராக வெட்டினால் நுனி சரியாகப் பதிந்து, நீர் வர வழியில்லாமல் போய்விடும் அல்லவா? ஆகையால் மீன் வெட்டும் கத்தியை வாங்கிச் சரிவாகவே வெட்டியருளினார். குழாயைச் சுற்றிப் பிடிக்கவேண்டிய சின்னஞ்சிறு பித்தளை வளையமும் அந்தச் சரிவுக்கு மரியாதை செய்து, ஒரு பக்கம் தலைசாய்த்து உட்கார்ந்தது. இந்த வகை மூட்டில் நீரை மறிப்பது வளையம்தான், புரி வெறுமனே இறுக்கிப் பிடிக்கத்தான் என்று தொழில் படித்தவர்கள் சொல்லுவார்கள். அவர் அத்தகைய அற்ப ஞானத்துக்குக் கட்டுப்பட்டவரா? புரியின் மீது வெள்ளை நாடாவைப் பதினாறு முழச் சேலைபோல் சுற்றினார். கையால் இறுக்கி, பிறகு ஸ்பனரால் சற்றே திருப்பினால் போதும் என்பது கோழைகளின் முறை. அவரோ தோள்வலி முழுவதையும் காட்டினார். பிளாஸ்டிக் நட்டு அந்த வீரத்தை வியந்து, மயிரிழை அளவு வாய் பிளந்தது. பிளந்த வாய்க்கு சைக்கிள் டியூப் துண்டால் பட்டாபிஷேகம் நடந்தது.

“இனி ஒரு பொட்டுத் தண்ணியும் வராது, அக்கா” என்று திருவாய் மலர்ந்து, பிரிட்ஜைச் சுவரோடு அணைத்துத் தள்ளினார். குழாய் நசுங்கி வளைந்தது. அதைச் சுருளாகத் தளரவிட்டிருந்தால் மகாராசருக்கு இரண்டாவது சிம்மாசனம் கிடைத்திருக்குமா? குழாய்க்கு முன்னால் தனி வால்வு ஒன்று வைக்காமல் விட்டதோ தீர்க்கதரிசனத்தின் சிகரம். அரசர் வரவை யாரும் அடைத்துவிடக் கூடாதே!

அன்று முதல் அவருடைய கொடைக்கு அளவில்லை. நொடிக்கு ஒரு துளி என்று நிதானமாகத்தான் ஈகிறார். ஏறக்குறைய 4,000 துளி ஒரு லீற்றர். நாளொன்றுக்கு 86,400 நொடி. கேளாமலே நாளாந்தம் 20 லீற்றருக்கு மேல் வழங்கும் வள்ளல் கடையெழுவரில் எவர்? பலகை அலுமாரியின் கால்கள் அவர் அருளால் ஊதிப் பருத்து, கதவு மூடமுடியாத செழிப்பை எய்தியுள்ளன. ஈரம் பிளக்குப் பெட்டியை நோக்கி அங்குலம் அங்குலமாய்த் திக்விஜயம் செய்கிறது. கீழே வைத்த பேசினில் தெளிந்த நீர் தேங்க, டெங்கு நுளம்புகள் சுற்றத்தோடு குடியேறித் தொட்டில் கட்டியிருக்கின்றன. அந்நீர் அழுக்கில்லாதது என்பதே அவற்றுக்கு உவப்பு. இத்தனை தர்மத்துக்கும் அந்த வீட்டார் செலவிடுவது ஒரு பழைய சாரமும் மாதாந்த பில்லும் மாத்திரமே.

அவர் ஏந்தும் நீரின் குலப்பெருமையை அறிந்தால் உள்ளம் உருகும். உன்னிச்சைக் குளத்திலே பிறந்து, வவுணதீவுச் சுத்திகரிப்பு நிலையத்திலே தெளிந்து, வாவி கடந்து மட்டக்களப்பு நகரத்துக்கும் போய்ச் சேருகிற நீர் அது. அக்குளத்தை அண்டிய ஊர்களிலேயே குடிநீர்க் குழாய் கேட்டு மக்கள் வீதிக்கு இறங்கிய காலம் உண்டு. கச்சான் காற்று வீசிக் கிணறுகள் வற்றும்போது, படுவான்கரைத் தாய்மார் கலன்களை வரிசையாய் வைத்துப் பவுசர் வரும் திசையைப் பார்த்து நிற்பார்கள். தாகம் என்னும் கீழான தேவைக்கு அந்த நீர் போய்விடாமல், பிரிட்ஜுக்கு அடியிலே சீமெந்துத் தரையை நீராட்டும் உயர்ந்த பணியில் அதை ஈடுபடுத்திய மேன்மை நம் மகாராசருக்கே உரியது.

வீதியோரம் மண்ணுக்கடியில் ஆளும் அவருடைய மூத்த சகோதரர்களின் சமத்துவம் இன்னும் பெரிது. குழாயில் நீர் ஓடும்போது வெளியே கொடுப்பார்கள். நீர் நின்று அழுத்தம் குறையும்போது, பக்கத்து வடிகானின் நீரைச் சாதிமத பேதமின்றி அதே துவாரத்தால் உள்ளே அழைத்துக்கொள்வார்கள். மறுநாட் காலையில் குழாயைத் திறக்கும்போது வரும் முதற் குவளை அந்த விருந்தோம்பலின் பிரசாதம்.

ஆதலால் அன்பர்களே, ஒரு விண்ணப்பம். இரவிலே வீட்டின் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு, ரோர்ச் லைட்டோடு போய்த் தண்ணீர் மீற்றரைப் பார்க்கும் அபசாரத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எந்தக் குழாயும் திறவாதபோதும் அதன் சின்னச் சக்கரம் சுழன்றால், மகாராசர் உங்கள் வீட்டிலும் இருப்பது தெரிந்துவிடும். பிறகு மீற்றரடி வால்வைப் பூட்டவும், குழாய் நுனியை நேராக வெட்டவும், புது வளையமும் புது நட்டும் போடவும், காய்ந்த துணியால் துடைத்துக் கால் மணி நேரம் காத்திருந்து பார்க்கவும் மனம் துணிந்துவிடும். ஹார்ட்வெயார் கடையில் அந்த வளையமும் நட்டும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றன என்பதையும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.